முட்டை வெண்கரு

ஊசி சிவப்பைத் தொட்டதும்
மெலிஸ் ஹீட்டரை முழுதாகத் திருகினான்.
ஆகஸ்ட் மாதம்.
பொறுத்துக்கொள்ளுங்கள், என்றான்,
இஞ்சினின் காய்ச்சலை நாம் கொஞ்சம் வாங்கிக்கொண்டால்
தோ-அஷூ சுரங்கம்வரை தாங்கும்.

பின் சீட்டில் நான்.
பக்கத்தில் புபுசாரா, மடியில் ஒரு தட்டு முட்டை,
முப்பது.
ஊர் போய்ச் சேர்வதற்குள் அவிந்துவிடும் என்று சிரித்தாள்.
கழுத்து வழியே வேர்வை ஓடியது அவளுக்கு.
எனக்கு ஓடியது வேறு.

ஏறும்போதே கதவு
இரண்டாவது இழுப்பில்தான் திறந்தது.
வர்ணம் புதிது. நம்பர் புதிது.
ஆஷ்ட்ரேக்குக் கீழே அந்தச் சிகரெட் சூடு மட்டும்
என் விரலிடுக்கிலிருந்து விழுந்தது.

ஜூனில், குதைபெர்கென் சந்தைக்குக் கிளம்பிய காலை,
ரேடியேட்டருக்குள்
இரண்டு முட்டை வெண்கரு ஊற்றினேன்.
வெந்து, ஒழுகலை அடைத்துக்கொண்டது.
ஆயில் மூடியின் உள்பக்கம்
பால் தூக்கலான டீ நிறத்தில் நுரை.
பழைய பனியனால் துடைத்தேன்.
ஹெட் கேஸ்கெட் போய்விட்டது என்று
அந்தப் பனியனுக்குத் தெரியும்.

வாங்க வந்தவன்
டயரை உதைத்துப் பார்த்தான்,
ரேடியோவைப் போட்டுப் பார்த்தான்.
குதிரையென்றால் பல்லைப் பிடித்துப் பார்த்திருப்பான்.

சுரங்கத்துக்கு ஐந்து வளைவு கீழே
வண்டி நின்றது.
பானெட்டின் எல்லா விளிம்பிலும் வெள்ளை ஆவி.
துணியைச் சுற்றிக்கொண்டு மூடிக்குக் கை நீட்டினான் மெலிஸ்.
திறக்காதே!
எனக்கு முன்னால் என் குரல் இறங்கிவிட்டது.
அரை மணி ஆறட்டும்.

வண்டி வேலை தெரியுமா உங்களுக்கு?

கொஞ்சம்.

ஓடையில் இரண்டு ஐந்து லிட்டர் பாட்டில்களை முக்கினேன்.
பனி உருகிய தண்ணீர். விரல் மரத்துப்போகும்வரை
வெளியே எடுக்க மனசில்லை.
மேலே வந்தபோது அவன் சொல்லிக்கொண்டிருந்தான்:
மச்சான் வாங்கிக் கொடுத்த வண்டி இது.
விற்றவர் தங்கமான மனிதராம்,
ஜாக்கியைச் சும்மாவே கொடுத்தாராம்.

மெல்ல ஊற்றினேன்.
கொதிக்கும் இரும்பில் ஒரேயடியாக ஊற்றினால் பிளந்துவிடும்.
ஒன்றரை பாட்டில் போனது.
தரையில் ஒரு சொட்டு இல்லை.
இவ்வளவும் எங்கே போகிறது, என்றான் மெலிஸ்,
உண்மையாகவே தெரியாமல்.

புபுசாரா தட்டோடு இறங்கி வந்தாள்.
இரண்டு உடைத்து ஊற்றட்டுமா?
என் வீட்டுக்காரர் அப்படித்தான் அடைப்பார்.

வேண்டாம், என்றேன்.
ஏன், என்றாள்.

ஒரு லாரி ஹாரன் அடித்துக்கொண்டு ஏறிப் போனது.
அது வளைவில் மறையும்வரை காத்திருந்தேன்.

மெலிஸ்,
அந்த மூடியில்லை. பக்கத்தில், கறுப்பாக இருக்கிறதே,
ஆயில் மூடி.
அதைத் திற.
உள்பக்கத்தைப் பார்.