கட்டாயம் நிரப்பவும்

முதலாவது டாலரில் விலை சொன்னது.
தொண்டு நிறுவனம் என்றால் பாதி.
தொண்டு நிறுவனம்தான் என்று நிரூபிக்க
எண்பது ஜி, பான், டிரஸ்ட் பத்திரம்
எல்லாம் ஸ்கேன் செய்து அனுப்பினேன்.
பதினோரு நாள் கழித்துப் பதில் வந்தது,
பத்திரம் எந்த மொழி என்று கேட்டு.

இரண்டாவது இலவசம், ஐந்து பேர் வரைக்கும்.
நாங்கள் ஆறு பேர்.
வண்டி ஓட்டும் சிக்கந்தர், "என்னைய விட்ருங்க,
நான் போன்ல சொல்லிர்றேன்" என்றார்.
உடலை முதலில் பார்ப்பவர் அவர்தான்.

ஒன்பது மாதம் அதை ஓட்டினோம்.
கணக்குத் திறந்தவர் நல்லசிவம்.
ஓசூரில் வேலை கிடைத்துப் போன பிறகும்
ஓடிபி அவர் எண்ணுக்கே போனது.
அவர் இரவு ஷிப்டில் இருந்தால்
தத்தனேரியில் நேற்று யாரை எரித்தோம் என்பது
காலை ஏழு மணிவரை எங்களுக்கே தெரியாது.

உசிலம்பட்டிப் பக்கமிருந்து ஒரு பெண் வந்தாள்,
தம்பியைத் தேடி. பேரு ராசாங்கம் என்றாள்.
எங்களிடம் பெயர்கள் கிடையாது.
பெயர்க் கட்டம் காலியாக இருந்தால் சேமிக்காது என்று
அருள்சீலி ஒவ்வொன்றிலும் ஒரு புள்ளி வைத்திருந்தாள்.
புள்ளியைத் தேடினால் இருநூற்றுப் பதினாலு பேர்.
உயிர் சேராத மெய்க்குப் புள்ளி வைப்பது
ஒன்றாம் வகுப்பில் படித்ததுதான்.
ஆனாலும்.

குறிப்பில் தேடினோம்.
குறிப்புக்கு அவர்கள் விட்ட இடம் கொஞ்சம்.
'வலது காலில் இரண்டு விர' என்பதோடு
ஒருவர் நின்றிருந்தார்.
"எந்தம்பிக்கும் வெரலுதான்" என்றாள்.
இரண்டு விரல் இல்லையா, ஒட்டியிருந்ததா,
அருள்சீலிக்கு நினைவில்லை.
அந்த வரியைத் திரையில் தொட்டுப் பார்த்துவிட்டுப் போனாள்.

மூன்றாவதைக் கொண்டுவந்தவன் கிளாட்சன்.
செல்லூரில் எங்கள் மாடிக்குக் கீழே தறி ஓடும்;
லேப்டாப் மேசையோடு சேர்ந்து அதிர்ந்தது.
"ஒரு பதிவு போட்டுக் காட்டுறேன் மேடம்,
உதாரணத்துக்கு யாராவது சொல்லுங்க."
முந்தின நாள் வந்தவரைச் சொன்னேன்.
ஆண். அறுபது இருக்கலாம்.
மாட்டுத்தாவணி, ஏழாவது பிளாட்பாரம்.
முன்கையில் பச்சை, 'கருப்பு' மட்டும் தெரிகிறது.
சட்டைப்பையில் திருமங்கலம் டிக்கெட், ஒரு சீப்பு.
பெரியாஸ்பத்திரி பிணவறையில் இருக்கிறார்.

பெயருக்குப் பக்கத்தில் சிவப்பு நட்சத்திரம்.
பிறந்த தேதிக்கு. செல்போனுக்கு.
கிளாட்சனின் விரல் தூக்கினபடியே நின்றது.
"புள்ளி வச்சுக்கலாமா மேடம்?"
வேண்டாம் என்றேன்,
அவன் பயப்படும் அளவுக்குச் சத்தமாக.

பிறகு நான் ஒன்று கேட்டேன்:
நாளைக்கு நாங்க இதை விட்டுட்டுப் போனா
எங்க ஆளுங்களத் திருப்பிக் குடுத்துருவீங்களா?
எக்ஸ்போர்ட் பட்டனைக் காட்டினான்.
அமுக்கிப் பார்த்தேன். ஒரு புள்ளிகூட விடாமல் வந்தது.

வருடத்துக்குப் பன்னிரண்டாயிரம்.
பொருளாளர் கோவர்தனன் கண்ணாடியைக் கழற்றினார்.
"நாலு பேருக்கு ஆகுற விறகும்மா இது."
அவர் சொன்னது சரி.
இன்றுவரை அதற்கு என்னிடம் பதில் இல்லை.
மூன்று தவணையாகக் கட்ட ஒப்புக்கொண்டார்,
கூட்டக் குறிப்பில் தன் மறுப்பை எழுதச் சொல்லிவிட்டு.

நாலாம் நாள் கிளாட்சன் போன் செய்தான்.
"நட்சத்திரத்த எடுத்துட்டேன் மேடம்.
குறிப்புல எவ்வளவு வேணா எழுதலாம்."

அன்று மாலை ஆறாவது ஆளாக
சிக்கந்தர் தன் முதல் பதிவைப் போட்டார்,
வண்டிக்குள் உட்கார்ந்து, ஒற்றை விரலால்.

பெயர்:
பிறந்த தேதி:
குறிப்பு: டிக்கெட்ட போலீஸ்ல குடுத்துட்டேன். சீப்ப அவர்ட்டயே வச்சுட்டேன்.
தல சீவி விட்டேன்.