தோள்கணக்கு

ஊற்றுக்கு இறங்கும்போது துரை பேசமாட்டார்.
ஏறும்போதுதான், நாங்கள் மூச்சு வாங்கும்போதுதான்
முன்னால் போகும் நாற்காலியிலிருந்து
வால்மரிப் பிரபுவின் பரம்பரை வரும்:
பழைய ராசாவின் தம்பி,
தம்பிக்கு ஒரு மறைவான மகன்,
அந்த மகனின் பேரன் தாம்.
"இந்தத் தீவுக்கே ஒரு காலத்தில் எங்கள் வீட்டுப் பெயர்.
அழித்துவிட்டார்கள்."
"நம்ம பெயரையும்தான்" என்று
தமிழில் சொல்லிக் காறித் துப்புவான் சாம்பான்.
காகிதத்தில் நான் நாலாயிரத்து எழுபத்தொன்று.

எல்-பூருக்கு மேலே, மேகம் வந்து படுக்கும் இடத்தில்
அவர்களுடைய அரண்மனை.
மரச்சில்லுக் கூரை.
மழை நாளில் உள்ளே பதினோரு பாத்திரம் வைப்பார்கள்,
ஒவ்வொன்றும் ஒரு சுரத்தில் சொட்டும்.
துரை அதற்கு இசைக்கூடம் என்று பெயரிட்டிருந்தார்.

இரவில் மேசைவிரிப்பு, எட்டு மெழுகுத்திரி, இரண்டே பேர்.
தட்டில் சௌசௌ.
வேலியிலும் பாறையிலும் கக்கூசுக் கூரையிலும்
தானே படர்ந்து காய்க்கிற சௌசௌ.
எங்கள் குசினியிலும் அதுதான்,
நாங்கள் மிளகாய் போடுவோம்.
"கௌதாரி" என்று சொல்லிப் பரிமாறுவாள் ரொசாலி.
சிரித்தால் அரைநாள் கூலி போச்சு.
கூலி என்ன கூலி,
ஆறு மாதமாகக் கடன்சீட்டு.

எலோயீஸ் துரைசானிக்குச் சனிக்கிழமை தோறும் சுடுநீர்.
நாலு பேர் தூக்கு, எனக்கு இடப்பக்கப் பின்தண்டு.
ஏற்றத்தில் முழு ஆளும் என் தோளில்தான்.

சர்க்கரை மூட்டைக்கு என்றும் ஒரே எடை.
மனுசருக்கு அப்படியில்லை.
அழுத நாளில் குழைந்து கனப்பாள்.
அவரோடு பேசாத மார்ச் முழுக்க
நிமிர்ந்தே உட்கார்ந்திருந்தாள், தண்டு ஆடவில்லை.

மே மாதம் கூடியது.
கொஞ்சம்தான், ஒரு படி அரிசி.
"துணி நனைஞ்சிருக்கும்" என்றான் சாம்பான்.
ஜூனில் இரண்டு படி.
வைத்தியருக்கு முன்னால், துரைக்கு முன்னால்,
அவளுக்கே முன்னால்கூட இருக்கலாம்,
என் காறையெலும்புக்குத் தெரியும்.

பிறகு சுவர்களுக்குக் கடனில் வாங்கிய நீலம் அடித்தார்கள்.
பாரிசுக்குக் கடிதம் போயிற்று.
தொட்டிலில் லில்லிப்பூ செதுக்கத் தச்சன் வந்தான்.
வாரிசு என்றார்கள்.
எதற்கு வாரிசு என்று கேட்க
அந்த மலையில் ஆள் இல்லை.

ஆகஸ்டில் ஒரு சனிக்கிழமை அவள் வரவில்லை.
அடுத்த சனிக்கிழமையும்.
மூன்றாவது வாரம் ஏறி உட்கார்ந்தாள், தூக்கினோம்,
நாற்காலி எம்பித் தலைக்கு மேலே போய்விட்டது.
அந்த அளவு பலம் போட்டே பழகியிருந்தோம்.
"மன்னிக்கணும் மதாம்."
திரும்பி என்னைப் பார்த்தாள்,
அத்தனை மாதத்தில் முதல் தடவையாக.

மாதாகோயில் மணி அடிக்கவில்லை.
தச்சன் சொல்லாமல் போய்விட்டான்.
ரொசாலி மட்டும் இரவு தவறாமல் "கௌதாரி" என்றாள்.

பாதி இறக்கத்தில் நிறுத்தச் சொன்னாள்.
துரையின் நாற்காலி வளைவில் மறையும்வரை காத்திருந்து
கிரியோலில் கேட்டாள்:
"எவ்வளவு இருந்தது?"

படிக்கு அவர்கள் பாசையில் என்ன சொல்லுவது?
பாதையோரம் குனிந்து ஒரு கல்லை எடுத்தேன்.
அது இல்லை. கீழே போட்டேன்.
இன்னொன்று. அதுவும் இல்லை.
மூன்றாவதைத் தோளில் வைத்துப் பார்த்துவிட்டு,
பாசியைத் துடைத்து
அவள் மடியில் வைத்தேன்.

ஊற்றில் அவள் இறங்கவேயில்லை.
கையுறையைக் கழற்றிவிட்டு
இரண்டு கையாலும் பிடித்தபடி இருந்தாள்.

திரும்பி ஏறும்போது முன்னாலிருந்து பரம்பரை வந்தது.
ராசா, தம்பி,
மறைவான மகன்.
அதற்குமேல் வரவில்லை.
சாம்பான் துப்பக் காத்திருந்து, விழுங்கினான்.
மழை பிடித்துக்கொண்டது.
என் தோளில் ஜூலை மாதத்து எடை.