நிரந்தர வதிவாளர்

கோண்டாவிலிலிருந்து மோட்டார் சைக்கிளில் வந்திருந்தார்.
ஹெல்மெற்றைக் கழற்ற முதலே
பைலைத் திறந்துவிட்டார்:
கரண்ட் பில், வாடகை ஒப்பந்தம்,
அதிபரின் கடிதம், பழைய அதிபரின் கடிதம்,
எல்லாம் லமினேற் பண்ணி.
"நடனசபேசன். இவர் மகன் சேயோன்.
மூண்டு வருசமா இஞ்சதான் மிஸ்."

ஏ.எல். முடிவு வந்த கிழமைகளில்
ஒட்டுசுட்டானில் என் மேசைக்கு
யாழ்ப்பாணம் குடிபெயரும்.
அங்கே போதாத புள்ளி இங்கே போதும் என்று
யாரோ சொல்லிக்கொடுத்த கணக்கு.
மாங்குளம் தாண்டினால்
நாலாம் தசமதானம் கூடக் கனக்கும்.
என் பிரிவில் வீடுகளைவிட
வதிவாளர்கள் பெருகும் காலம் அது.

போய்ப் பார்த்திருக்கிறேன் அந்த அறைகளை.
பொலித்தீன் உரிக்காத மெத்தை.
ஈரம் காணாத பல்துலக்கி.
மூன்று வருடம் தொடர்ச்சியாக வசித்ததற்கு
சுவரில் ஒரு பல்லி.
அதற்கும் கையெழுத்துப் போட்டிருக்கிறேன்,
மேலிருந்து தொலைபேசி வந்த இரண்டொரு நாட்களில்.
அதை இங்கே மறைத்து என்ன.

தகப்பனைப் போட்டோக் கொப்பிக்கு அனுப்பிவிட்டு
பெடியனைக் கேட்டேன்.

கடைசி பஸ் எத்தினை மணிக்கு?
"ஆறேகால். கந்தவேள் அண்ணை ஓடுற நாளெண்டா வராது."

முத்தையன்கட்டு எப்ப வான் பாய்ஞ்சது?
"முந்தின மார்கழி. ஒரு கதவு இறுகிப்போச்சு மிஸ்.
திருகின ஆக்களுக்கு நான்தான் ரோச் பிடிச்சனான்."

யானை எந்தப் பக்கத்தால இறங்கும்?
முகம் திருப்பாமல் கையை நீட்டினான்,
தன் குசினியில்
உப்புப் போத்தல் இருக்கும் இடத்தைக் காட்டுவதுபோல.

சனி ஞாயிறு?
கொஞ்சநேரம் பேசவில்லை.
"திருநெல்வேலியில கிளாஸ் எண்டு அப்பா காசு போடுவார்.
நான் போகேல்லை."
பிறகு, மேசை விளிம்பிடம் சொல்வதுபோல:
"பின்னேரத்தில விரால் நல்லாப் படும் மிஸ்."

பெறுபேற்றைப் பார்த்தேன்.
இரசாயனம் சீ. மற்ற இரண்டும் எஸ்.
அங்கே போதாததுதான்.
இங்கேயும் போதாது.
போன வருட வெட்டுப்புள்ளி
அவன் தலைக்கு மேலே ஒரு முழத்தில் நின்றது.
அவனுக்கும் தெரியும். தகப்பனுக்குத் தெரியாது.
அல்லது தெரிந்துதான்
இவ்வளவையும் லமினேற் பண்ணினாரோ.

நானும் ஒருக்கால் எழுதினேன்,
செட்டிகுளத்து முகாமில், மடியில் பலகை வைத்துப் படித்து.
வதிவிடம் என்ற கட்டத்தில்
வலய இலக்கம், கூடார இலக்கம்.
என்னை எந்த மாவட்டத்துக் கணக்கில் போட்டார்கள்?
எனக்காகப் போய்க் கேட்கக்கூடியவர்கள்
அந்த வருடம் வீட்டில் மிஞ்சவில்லை.

முத்திரை தேய்ந்திருந்தது. இரண்டுதரம் அமத்தினேன்.
'மேற்படி நபர் எனது பிரிவில்
நிரந்தரமாக வசிப்பவர் என உறுதிப்படுத்துகிறேன்.'
இந்தப் பருவத்தில்
கை கூசாமல் எழுதிய முதல் வரி.

கொப்பிகளோடு வந்தவருக்கு முகம் மலர்ந்தது.
"பிள்ளை சரியாக் கஷ்டப்பட்டவன் மிஸ்.
இனி இடம் கிடைக்கும்தானே?"
பெடியன் என்னைப் பார்த்தான்.
விண்ணப்ப முடிவுத் திகதியை மட்டும் சொன்னேன்.
சொல்லிவிட்டுப் பேனையின் மூடியைத் தேடினேன்,
அது பேனையில்தான் இருந்தது.

யன்னலால் பார்த்தேன்.
சந்திக்கு முன்னால் தார் பெயர்ந்த கிடங்கு.
தகப்பன் அறியாமல் நேரே விட்டார்.
பின்னால் இருந்தவன்
அதற்கு முன்னமே
சீற்றிலிருந்து எழும்பி நின்றுவிட்டான்.