பிசகு

வாரத்தில் ஆறு நாள் என் வேலை
ஆட்டத்தை அடக்குவது.
மோட்டார் ரோட்டரை பேலன்சிங் மெஷினில் ஏற்றி
சுழலவிட்டு
எந்தப் பக்கம் கனக்கிறது என்று திரையில் பார்த்து
அந்தப் பக்கத்தில் துளி இரும்பைத் துளைத்தெடுப்பேன்.
நாலு கிராம். சிலதில் இரண்டே கிராம்.
ஓடுகிற மோட்டார்மேல் தண்ணீர் டம்ளர் வைத்தால்
வட்டம் எழக்கூடாது.
அதுவரைக்கும் பச்சை விளக்கு எரியாது.

ஏழாம் நாள், விடியக்கருக்கலில்
சூலூர்க் குளத்து வடகரை.
முன்னூற்றி எண்பது ரூபாய்க்கு
ஆன்லைனில் வந்த ரப்பர் தவளை.
மஞ்சள் வயிறு, ரெண்டு கொக்கி, குஞ்சம் வைத்த கால்.
போன வாரமும் அதற்கு முந்தின வாரமும்
ஆகாயத்தாமரை ஓரமாக
நூல் பிடித்தாற்போல் நேராக நீந்திப்போய்
கைக்கே திரும்பி வந்தது.
விரால் கீழே நின்று பார்த்தது.
பார்த்ததோடு சரி.

"அது ரொம்பச் சரியாப் போகுதுங்க"
என்றாள் பக்கத்தில் புழு கோத்துக்கொண்டிருந்தவள்.
மில்லில் ராத்திரி ஷிப்ட் முடித்து
தலைமுடியில் பஞ்சோடு அப்படியே வந்திருந்தாள்.
பூவாத்தாள் என்பது பிற்பாடு தெரிந்தது.
அவள் வாளியில் அதற்குள் ஆறு ஜிலேபி.
"நோவில்லாத தவளையை எவன் தொரத்துவான்?
அது வெரசா ஓடிப்போயிருமில்ல."

பையில் நகவெட்டி இருந்தது.
இடது காலில் அரை விரற்கடை நறுக்கினேன்.
வீசி இழுத்தால்
தலையை ஒரு பக்கம் வெட்டியது,
வெட்டிவிட்டு மறுபடி பழைய பாதைக்கே வந்தது.
இன்னுங் கொஞ்சம் நறுக்கினேன்.
வயிற்றைப் பிதுக்கித் தண்ணீரை வடித்து
பின்துளை வழியே
சைக்கிள் பால்ரஸ் ஒன்றை உள்ளே தள்ளினேன்,
நடுவில் அல்ல, ஓரமாக.
நியாயமாகப் பார்த்தால் என் கை கூசியிருக்க வேண்டும்.
பதினோரு வருஷத்தில்
ஒரு ரோட்டரைக்கூட அது கோணலாக அனுப்பியதில்லை.

கொக்கி முனைகளை இடுக்கியால்
மயிரிழை வெளியே விரித்தேன்.
கூடினால் பாசியை அள்ளும்.
குறைந்தால் மீன் வாய்க்குள் போய்
வெறுமனே வெளியே வரும்.
இதற்குத் திரை கிடையாது.
முனையைக் கட்டைவிரல் நகத்தில் வைத்து இழுத்தேன்.
வழுக்காமல் நின்றது.

இப்போது தவளை
இக்கட்டா ஒரு சாண், அக்கட்டா ஒரு சாண்
செருப்பு வார் அறுந்தவன்
காந்திபுரம் பஸ்ஸுக்கு ஓடுவதுபோல் போனது.
உள்ளே குண்டு கிலுகிலுத்தது.
"சித்த நிறுத்துங்க."
நிறுத்தினேன்.
இலைகளுக்கு நடுவே ஒரு பொத்தல்,
அதில் தவளை,
அதைச் சுற்றி வட்டம் ஒன்று எழுந்து அகன்றது.
ஏழு வரை எண்ணினேன். எட்டு.
எட்டில் எனக்கு எப்போதும் பொறுமை போய்விடும்.
ஒன்பது

தண்ணீர் வெடித்தது.

உடனே சுண்டக்கூடாது என்பது தெரியும்.
தெரிந்தும் சுண்டிவிட்டேன்.
நூல் லேசாக, வெகு லேசாக வந்தது.
தவளை முதுகில் மட்டும்
ஊசி குத்தினாற்போல் வரிசையாகப் பல் தடம்.
பூவாத்தாள் அதை வாங்கி
வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.
"அட, ரெண்டு கிலோ இருக்குமுங்க" என்றாள்
போன மீனை.

திங்கட்கிழமை காலை
முதல் ரோட்டரில் மூன்று கிராம் பிசகு.
சிவப்பு விளக்கு.
மெஷின் ஓரத்தில் என் டீ டம்ளர்,
அதில் நடுவிலிருந்து ஒரு வட்டம்,
அதன் பின்னால் இன்னொன்று.
துளைப்பானை எடுத்த கை அப்படியே நின்றது.
"திருமூர்த்தி, என்னாச்சு?" என்றார் சூப்பர்வைசர்.
ஒன்றுமில்லை என்று சொல்ல வாயெடுத்தேன்.
அப்போது நான்
ஆறில் இருந்தேன்.