பழைய படம்

மத்திய வீதியில்
போன் திருத்துகிற கடைக்கு மேலே என் அறை.
ஒரு மேசை, ஒரு மின்விசிறி,
தவணை கட்டி முடியாத ஒரு கணினி.
காணொளிக்கு முகப்புப் படம் செய்து கொடுத்தால்
ஆயிரத்து இருநூறு ரூபாய்.
சிவப்பு வட்டத்துக்குத் தனிக்காசு இல்லை,
அது எப்போதும் சேர்ந்தே வரும்.

செல்ரூபன் அண்ணனுக்கு இரண்டு சேனல்.
ஒன்று ஆட்சியில் இருப்பவர்களுக்கு,
மற்றது வரப்போகிறவர்களுக்கு.
காலையில் எழுதுவேன்:
துறைமுகத்தில் நிற்கும் கப்பல்தான்
மழையைத் திருப்பியது!
பின்னேரம் எழுதுவேன்:
மழையே இல்லை, எல்லாம் தேர்தல் நாடகம்!
இரண்டுக்கும் ஒரே எழுத்துரு.
இரண்டிலும் வாயைப் பிளந்தபடி ஒரே மனிதன்.
யாரென்று தெரியாது,
பல்வலி மாத்திரை விளம்பரத்தில் வெட்டி எடுத்தது.

கடல் சூடாகிறதாம், அதைப் போடவா
என்று ஒருமுறை கேட்டேன்.
"அதுக்கு ஆற்ற முகத்தை வைக்கிறது?" என்றார்.
"சூட்டுக்குக் கட்சி இல்லைத் தங்கச்சி.
கட்சி இல்லாததை ஒருத்தரும் அமத்தமாட்டினம்."

கார்த்திகைக் கடைசியில்
வாடை ஊதத் தொடங்கியது, நிற்கவில்லை.
உவர்மலையில் மழைமானி பார்க்கிற யோகமலர் மிஸ்
விடிய விடியத் தன் பக்கத்தில்
ஓர் எண்ணை மட்டும் போடுவா.
நூற்றியெட்டு.
நூற்றி அறுபத்தாறு.
இருநூற்றிப் பதினெட்டு மில்லிமீற்றர்.
வியப்புக்குறி இல்லை, அம்புக்குறி இல்லை.
பார்த்தவர்கள் முப்பத்தொன்பது பேர்.
அதில் ஒருத்தி நான்,
மழையை அறிய அல்ல,
அந்த எண்ணைத் தூக்கி
"மறைக்கப்பட்ட ரகசியம்" என்று போட.

நாலாம் நாள் விடியுமுன்
அன்புவழிபுரத்தில் எங்கள் வீட்டுக்குள் தண்ணீர் வந்தது.
வாசலில் கிடந்த செருப்புகளையும் உள்ளே கூட்டிக்கொண்டு வந்தது.
பிரிட்ஜ் மல்லாந்து மிதந்தது.
அம்மா கட்டிலின் மேல் தையல் மெஷினை ஏற்றினா,
மெஷின் மேல் அரிசிப் பை,
பையின் மேல் தானாக ஏறிக்கொண்டது பூனை.
பின்சுவரில் சங்கக்கடை நாட்காட்டி.
அன்றைக்கும், முழங்கால் தண்ணீரில் நின்று,
நேற்றைய தாளைக் கிழித்திருந்தா அம்மா.

ஒரு படம் எடுத்தேன்.
மூதூரில் இருக்கிற அக்காவுக்கு அனுப்பினேன்:
கங்கை பெருகுது, பிள்ளைகளோட வெளிக்கிடு.

அக்கா யாருக்கோ அனுப்பினாள்,
அவர் யாருக்கோ.
அம்மாவைப் பள்ளிக்கூடத்தில் விட்டு
நான் அறைக்கு வந்தபோது
படிக்கட்டின் திருப்பத்தில்
ஈரம் சொட்ட ஒரு புள்ளிமான் நின்றது,
கரண்ட் கட்டண ரசீதை மென்றபடி.
அதைச் சுற்றிக்கொண்டு மேலே ஏறினேன்.

மத்தியானம் அந்தப் படம் என்னிடமே திரும்பி வந்தது.
"இது ஊரெல்லாம் ஓடித் திரியுது.
பழைய படம் எண்டு அடி, பெரிசா.
ரெண்டாயிரம் தாறன்.
நாட்காட்டியை மட்டும் மங்கலாக்கு."

அது யார் வீடு என்று அவருக்குத் தெரியாது.
நான் சொல்லவில்லை.
பிரிட்ஜின் தவணை ஞாபகம் வந்தது என்று சொல்லலாம்,
பள்ளிக்கூடத்தில் அம்மா
பாய் இல்லாமல் இருந்தா என்று சொல்லலாம்.
கை தன்பாட்டில் செய்தது.
நாட்காட்டியை மங்கலாக்கப் பதினொரு வினாடி.
பூனையைச் சுற்றிச் சிவப்பு வட்டம்.
பல்வலிக்காரனை வலது மூலையில் வைத்தேன்,
அவன் எங்கள் கட்டிலைப் பார்த்து வாயைப் பிளந்தான்.

இருட்டுகிற நேரம் அக்கா எடுத்தாள்.
"அது பழைய படமாமே?
நாற்பதினாயிரம் பேர் பார்த்திருக்கினம்.
நாளைக்குப் பார்த்து வெளிக்கிடுவம் எண்டு இவர் சொல்லுறார்."

அக்கா, அது எங்கட வீடு.
கட்டிலைப் பார். பூனையைப் பார்.
இண்டைக்குக் காலமை நானே எடுத்தது.

அவளுடைய பக்கத்தில்
தகரத்தில் மழை விழுகிற சத்தம்
எனக்கு நன்றாகவே கேட்டது.

"கட்டில் தெரியுதடி," என்றாள்.
"திகதிதான் தெரியேல்ல."