கணக்கில் வராத கண்சிமிட்டல்

பீட்டர்ஹெட் மீன் சந்தையில்
காலை ஏழு மணிக்கு யாரும் கை தூக்குவதில்லை.
புருவம் உயர்ந்தால் ஒரு பவுண்டு கூட,
இமை மூடித் திறந்தால் "எனக்கே".
இருபத்தாறு வருடம் ஏலம் கூவியவன் நான்.
கண் ஜாடையில் ஏமாந்தது
மொராக் ஸ்ட்ரக்கனிடம் மட்டும்தான்.

முதல் நாள் அவளுடைய இடது கண்
வேண்டாத பதினோரு பெட்டி ஹாடக் வாங்கியது.
சிரித்தாள். பணத்தைக் கட்டினாள்.
மறுவாரம் நாற்பது பெட்டி.
சிரிக்கவில்லை.

பிறகு துடிப்பு கன்னத்துக்கு இறங்கியது,
அங்கிருந்து உதட்டோரம்.
உள்ளே யாரோ தூண்டில் நூலைச்
சுண்டிச் சுண்டிப் பார்ப்பதுபோல்
பாதி முகம் மேலே போகும், வரும்.
படகுப் பையன்கள் பதிலுக்குக் கண்ணடித்தார்கள்.
மூன்று மாதத்துக்கு ஓர் ஊசி.
ஊசி போட்ட வாரங்களில் அந்தப் பக்கம்
ஐஸில் வைத்த மீனாகக் கிடக்கும்;
பின் மறுபடி துள்ளும்.

நான் அவளுடைய இடப்பக்கம் பார்ப்பதையே விட்டேன்.
மரியாதை என்றுதான் நினைத்தேன்.
அவள் வலக்கையில் பென்சிலைத் தூக்கிக் காட்டத் தொடங்கினாள்,
வகுப்பில் வெளியே போக
அனுமதி கேட்கும் பிள்ளை மாதிரி.

அபர்தீனில் படம் எடுத்துப் பார்த்தார்கள்.
கட்டி இல்லை.
முக நரம்பு மூளைத்தண்டை விட்டுக் கிளம்பும் இடத்தில்
ஒரு சின்னத் தமனி வளைந்து வந்து சாய்ந்திருந்தது.
அவ்வளவுதான்.
அவளை உயிரோடு வைத்திருக்கிற அதே நாடி
நாளுக்கு ஒரு லட்சம் தடவை
கதவு மாற்றித் தட்டியிருக்கிறது.

காதுக்குப் பின்னால் ஐம்பது பென்ஸ் காசளவு ஓட்டை.
சிறுமூளையைக் கொஞ்சம் ஒதுங்கச் சொல்லி,
தமனியைக் கெஞ்சிக் கெஞ்சி நகர்த்தி,
இடையில் டெஃப்லான் பஞ்சு வைத்தார்களாம்.
மீன் ஒட்டாத சட்டியில் பூசுகிறார்களே,
அதே சாமான்.
எதையும் வெட்டி எடுக்கவில்லை.
சண்டைக்காரர் இருவரும் அதே கட்டிலில்,
நடுவே ஒரு தலையணை.

தமனி எழும்பிய நொடியில்
திரையில் துள்ளிக்கொண்டிருந்த கோடு அடங்கிவிட்டதாம்.
"அதை மட்டும் நான் பார்த்திருக்கணும்" என்றாள்,
மயக்கத்தில் கிடந்தவள்.

ஏழாம் வாரம் வந்தாள்.
இடது காது சற்று மந்தம்; ஆகவே
இடம் மாறி நின்றாள்.
ஷெட்லாந்து படகு. பெரிய காட். பதினெட்டுப் பெட்டி.
விலை ஏறியது.
அவள் இமை மூடித் திறந்தது.
தாண்டிப் போனேன்.
மறுபடி மூடித் திறந்தது, இம்முறை நிதானமாக.
தாண்டிப் போனேன்.
பெட்டிகள் ஃப்ரேசர்பர்க்காரனுக்குப் போயின.

ஈரத் தரையில் பூட்ஸ் சத்தத்தோடு வந்து
என் முகத்துக்கு நேரே நின்றாள்.
எட்டு வருடத்துக்குப் பிறகு
அவளை முழுதாகப் பார்த்தேன்.
"டேய் மடையா," என்றாள்,
"அது நான்."

சீட்டில் பெயர் எழுதியாகிவிட்டது,
அடித்தெழுத எனக்கு அதிகாரமில்லை.
அடுத்த வரிசைக்கு நகர்ந்தோம்.