ஓரத்தில், பென்சிலால்

புந்தா அரேனாஸில் காற்றுக்கு ஓய்வில்லை.
மரங்களெல்லாம் கிழக்கே சாய்ந்து வளர்கின்றன,
யாரோ கூப்பிட்டுத் திரும்பிப் போகிறவர்கள் போல.
தகரக் கூரை விடியவிடியப் பேசும்.
எனக்குக் கேட்டதில்லை.
தலையணையில் தலை பட்டால் போதும்.
இதைச் சொல்லவே இப்போது கூச்சமாயிருக்கிறது,
பசித்தவள் எதிரில் ஏப்பம் விட்டவனைப் போல.

நெலிதாவுக்கு இது ஆறாவது வருடம்.

மருத்துவர் தந்த தாளில் கட்டங்கள் உண்டு:
படுத்த நேரம், கண்ணயர்ந்த நேரம், விழித்த நேரம்.
நடுக்கட்டத்தில் அவள் கோடு மட்டும் இழுக்கிறாள்.
நேரான கோடு.
பதினாறு வருடம் கணக்கு டீச்சராயிருந்த கை.
போன மார்ச்சில், பலகை முன், சாக்பீஸைப் பிடித்தபடி
ஏழையும் எட்டையும் பெருக்க மறந்து நின்றாளாம்.
பிள்ளைகள் சிரிக்கவில்லை.
அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

எல்லோரிடமும் ஒரு வைத்தியம் இருக்கிறது.
மேல்வீட்டு ஓதிலியா
செருப்பைக் கட்டிலுக்கடியில் கவிழ்த்து வைக்கச் சொன்னாள்.
வைத்தோம்.
ரொட்டிக் கடையில் ஒருத்தி,
"எனக்கும்தான், நேற்று மூன்று மணிவரை" என்றாள்.
நெலிதா தலையாட்டினாள்.
வீடு வரும்வரை பேசவேயில்லை.

முதல் வருடம் நானும் கூட விழித்திருந்தேன்.
அதுதான் அன்பு என்று நினைப்பு.
மூன்றாம் வாரம், படகில்,
லாரிச் சங்கிலியை அரைக்கண்ணோடு பூட்டியதில்
சுண்டுவிரல் நகம் போனது.
"ஒரு வீட்டுக்கு ஒருத்தி போதும்," என்றாள் கட்டுப் போட்டபடி.
"நீ தூங்கு. யாராவது தூங்கினால்தான் இது இரவு."

பிறகு ஒருநாள் கண்டுபிடித்தேன்.
நான் கண்ணயரும்வரை அவள் இழுத்து விடுகிற
நீளமான, சீரான அந்தத் தூக்க மூச்சு
அசல் இல்லை.
மிகச் சரியாக இருந்தது, அதனால்தான் தெரிந்தது.
தூங்குகிறவர்கள் அவ்வளவு ஒழுங்காகத் தூங்குவதில்லை.
நானும் பொய்க்குறட்டை விட்டேன்.
ஒரே வீட்டில் இரண்டு திருடர்கள்,
ஒருவரையொருவர் எழுப்பிவிடாமல், ஒரு மணி நேரம்.
யார் முதலில் சிரித்தது என்று நினைவில்லை.

ஜூலையில் ஒரு செவ்வாய்
போர்வெனீர் படகில் அவளையும் ஏற்றிக்கொண்டேன்.
கீழ்த்தளத்தில் ஒரு செம்மறி லாரி.
ஓட்டுநன் காப்பிக்கு மேலே போயிருந்தான்.
குளிர் தாளாமல் அவன் இருக்கையில் ஏறி உட்கார்ந்தாள்.
சங்கிலிகளைச் சோதித்துத் திரும்புகிறேன்,
வாய் திறந்திருக்கிறது, கன்னத்தில் எச்சில்.
கண்ணாடியில் அவள் மூச்சு
தாறுமாறாகப் படிகிறது.

பின்னால் முந்நூற்றுப் பன்னிரண்டு ஆடுகள்.
எண்ணத் தேவையில்லை, ரசீதில் இருந்தது.

ஓட்டுநன் வந்தான். உதட்டில் விரல் வைத்தேன்.
தன் சொந்த லாரிக்கு வெளியே, பனித்தூறலில்,
தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றான்
பூசைக்கு வந்தவன் போல.
நாற்பது நிமிடம். கரை வந்துவிட்டது.

மறுவாரமும் கூட்டிப்போனேன். இல்லை.
அதற்கடுத்த வாரமும்.
எஞ்சின் சத்தத்தைக் கைப்பேசியில் பதிந்து வந்து
படுக்கையறையில் ஓடவிட்டேன்.
"டீசல் வாசனை இல்லையே," என்றாள்.
எண்ணெய்த் துணியொன்றைக் கொண்டுவந்தேன்.
தலைவலிதான் வந்தது, இருவருக்கும்.

மருத்துவரின் தாளில் பகலுக்குக் கட்டமில்லை.
அந்தச் செவ்வாய்க்கு நேரே, ஓரத்தில்,
பென்சிலால் நாற்பது என்று எழுதி அழித்திருக்கிறாள்.
வெளிச்சத்தில் சாய்த்தால் தெரிகிறது.

இப்போது நான் எதையும் கொண்டுவருவதில்லை.
ஐந்து மணிக்கு எழுகிறேன்.
சமையலறையில் இருப்பாள், என் பழைய கோட்டுக்குள்,
மாத்தே குவளையை இரு கையாலும் பிடித்தபடி.
தூங்கினாயா என்று கேட்பதில்லை.
"என்னவெல்லாம் நடந்தது?" என்பேன்.

காற்று பன்னிரண்டுக்கு மேல் திசை மாறியதை,
எதிர்வீட்டுப் பையன் ஜன்னல் வழியே வீடு திரும்பியதை,
இரண்டரைக்கு ஒரு நாய் நடுத்தெருவில் நின்று யோசித்ததை,
தூக்கத்தில் நான் யாருக்கோ
"இடப்பக்கம், இன்னும் இடப்பக்கம்" என்று
லாரி நிறுத்த வழி சொன்னதைச் சொல்வாள்.

"நிறுத்தினானா?" என்றேன் இன்று.

"கொஞ்சம் கோணல்," என்றாள்.
"போகட்டும் என்று விட்டுவிட்டேன்."